லூக்கை இப்படிக் காட்டியிருக்க வேண்டுமா?

கேள்வி: ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் பட வரிசையில் 'தி லாஸ்ட் ஜெடாய்' (2017) மறுபடி பார்த்தேன். இன்னும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. 1983 படத்தில், அப்பாவைக் கொல்ல மாட்டேன் என்று ஒளிவாளையே தூக்கி எறிந்த நாயகன் லூக். அதே ஆள், தூங்கிக்கொண்டிருக்கும் தங்கை லேயாவின் மகன் தலைமாட்டில் வாளை ஏற்றிக்கொண்டு நிற்கிறான். தாய்மாமன் செய்கிற வேலையா இது? ஆனால் கடைசியில் அத்தனை பீரங்கிகளுக்கு எதிரே தன்னந்தனியாக வந்து நின்றபோது விசிலடிக்கத்தான் தோன்றியது. எனக்கு மட்டும்தான் இந்தக் குழப்பமா?

பதில் 1: கொல்லும் எண்ணம் ஒரு நொடிதானே! உடனே வெட்கப்பட்டுவிட்டான். கடைசிச் சண்டையிலும் வந்தது அவன் மாய உருவம் மட்டும்தான். ஒருத்தரையும் வெட்டாமல் தன் பக்கத்து ஆட்களைத் தப்பவைத்தான். பழைய லூக்கேதான் சார்.

பதில் 2: என் கோபம் 2015 படத்தின் மேல். லேயாவின் கணவன் ஹானை, அவர்கள் பெற்ற அந்த மகனே கொன்றுவிட்டான். அப்புறம் லூக், லேயா, ஹான் மூவரும் ஒரே காட்சியில் நிற்க வழியே இல்லை. அதை எப்படி விட்டார்கள்?

கேட்டவர்: ஐயோ, அதை ஞாபகப்படுத்தாதீர்கள். சரி, லேயாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு ரோபோ த்ரீபியோவைப் பார்த்துக் கண்ணடித்தானே, அதற்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன். பச்சைப் பால் கறக்கும் காட்சியை மட்டும் ஓட்டிவிடுவேன்.