ஷார்ட்பிரெட் அச்சில் பூ நிற்கவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். போன வாரம் இங்கே ஒரு பழைய சாமான் கடையில் ஷார்ட்பிரெட் (இந்த ஊர் வெண்ணெய் பிஸ்கட்) செய்யும் மர அச்சு ஒன்று கிடைத்தது. வட்டமானது, நடுவில் திசில் பூ செதுக்கியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் சின்னமான அந்த முள்பூதான். பார்த்ததும் விட மனசு வரவில்லை.

அளவு இந்த ஊர் வழக்கப்படிதான்: சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 100, மைதா 150. மைதாவில் 25 கிராமைக் குறைத்து அரிசி மாவு சேர்த்தேன், கரகரப்புக்காக. ருசியில் ஒரு குறையும் இல்லை. வடிவம்தான் படுத்துகிறது.

முதல் தடவை மேஜையில் ஓங்கித் தட்டியும் பாதிப் பூ அச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. பல்குச்சியால் நோண்டி எடுத்தேன். (சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்துவிட்டார்!) அடுத்த தடவை அச்சில் அரிசி மாவைத் தூவி, உதறிவிட்டு அழுத்தினேன். அழகாக விழுந்தது. ஆனால் 160 டிகிரியில் 40 நிமிஷம் வெந்ததும் இதழ்களைக் காணோம். தேய்ந்துபோன பழைய காசு மாதிரி இருந்தது.

வெண்ணெயை அதிகமாகக் குழைத்துவிட்டேனோ? தட்டி எடுத்தபின் ஃபிரிட்ஜில் வைப்பீர்களா, எவ்வளவு நேரம்? அரிசி மாவைக் கூட்டினால் கோடு நிற்குமா, இல்லை விரிசல் விடுமா? அப்புறம், மர அச்சைத் தண்ணீரில் கழுவலாமா, துடைத்தால் போதுமா?

பாட்டி பீங்கான் அச்சு வாங்கி அதிலேயே வேகவைக்கச் சொல்கிறார். சரிதான், ஆனால் எனக்கு இந்த மர அச்சில்தான் செய்ய வேண்டும். சனிக்கிழமை மறுபடி முயலப்போகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது.