நடுத்தர லேப்டாப்: 7520யு, 1235யு, 12450ஹெச் மூன்றில் எது?

மின்மினி:
வணக்கம். அலுவலக வேலைக்கும் மாலையில் படம் பார்க்கவும் ஒரு நடுத்தர லேப்டாப் வேண்டும். குரோமில் இருபது முப்பது டேப், பெரிய எக்செல் கோப்புகள், தினமும் இரண்டு மூன்று வீடியோ அழைப்புகள், எப்போதாவது ஒரு சின்ன கேம். எடிட்டிங் எதுவும் கிடையாது. நான்கு ஐந்து வருடம் தாங்க வேண்டும். மூன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறேன், மூன்றும் 15.6 அங்குலம், முழு எச்டி:

அ) ரைசன் 5 7520யு சிப், 16 ஜிபி ரேம் (போர்டில் பற்றவைத்தது), 250 நிட்ஸ் திரை வெளிச்சம், 42 வாட் அவர் பேட்டரி
ஆ) கோர் ஐ5 1235யு, 8 ஜிபி ரேம் (ஒரு ஸ்லாட் காலி), ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), 300 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் அளவு), 54 வாட் அவர்
இ) கோர் ஐ5 12450ஹெச், 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 2050 தனி கிராஃபிக்ஸ், 144 ஹெர்ட்ஸ் திரை, 50 வாட் அவர்

அ-வில் 7000 வரிசை, 16 ஜிபி என்பதால் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. சரிதானா?

தட்டச்சன்:
அ வேண்டாம். 7000 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. அந்த வரிசையில் முதல் இலக்கம் வெளியான வருடத்தைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் கோர் (சிப்பில் கணக்குப் போடும் பகுதி) எந்தத் தலைமுறை என்பது மூன்றாவது இலக்கத்தில் இருக்கிறது. 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530 என்றால் ஜென் 3, 7540 என்றால் ஜென் 4. மேலும் 7520யு-வில் இருப்பது நான்கே கோர், கிராஃபிக்ஸும் மிகச் சிறியது. இன்றைக்கு எக்செல் ஓடும். ஐந்தாவது வருடம், வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது முப்பது டேப் திறந்தால் திணறும். அதை மாற்ற அப்போது எந்த வழியும் இருக்காது.

ஆ-வில் 2 பெரிய கோர், 8 சிறிய கோர். உங்கள் வேலைக்குத் தாராளம். அதில் ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கும்வரை அந்தச் சிப்பின் கிராஃபிக்ஸ் முழு வேகத்தில் ஓடாது. ஐரிஸ் எக்ஸ்இ என்று அட்டைப்பெட்டியில் இருந்தாலும் டிவைஸ் மேனேஜரில் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்றுதான் காட்டும். காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டதும் பெயரே மாறிவிடும், கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, இரண்டு குச்சி இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வழியாக எடுக்கலாம் என்பதே காரணம்.

குச்சி வாங்கும் முன் ரேம் வகை டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று உறுதி செய்யுங்கள். 1235யு இரண்டோடும் வருகிறது. இரண்டிலும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் பொருந்தாது.

நீலவானம்:
சிப் விஷயத்தில் தட்டச்சன் சொன்னது சரி. ஆனால் ஆ-வை அப்படியே எடுக்க நான் சொல்ல மாட்டேன். காரணம் அந்த 45% என்டிஎஸ்சி. எஸ்ஆர்ஜிபி (இணையத்துக்கும் சாதாரணத் திரைகளுக்கும் பொதுவான நிற அளவு) கணக்கில் அது அறுபது சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், முகங்கள் வெளிறிப் போகும். பேனலால் காட்டவே முடியாத நிறம் என்பதால் எந்த செட்டிங்கும் கைகொடுக்காது. மாலைப் படத்துக்காகவும் வாங்குகிறீர்கள் என்றால் 72% என்டிஎஸ்சி அல்லது 100% எஸ்ஆர்ஜிபி என்று எழுதியதைத் தேடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

ரேமைப் பிறகு போடலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம். திரையைப் பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. அதனால் அதே 1235யு அல்லது அதற்கு அடுத்த தலைமுறை 1335யு, 8 ஜிபி, நல்ல திரை என்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைப் பேனல் வருவது வழக்கம். ஆகவே பெயரைப் பார்க்காமல், பெயருக்குப் பின்னால் வரும் முழு எண்ணுக்கான (பார்ட் நம்பர்) விவரத்தாளைப் பாருங்கள். அதில் ஐபிஎஸ் என்ற சொல்லே இல்லாவிட்டால் டிஎன் பேனல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் வெளுக்கும், கீழிருந்து பார்த்தால் இருளும்.

14 அங்குலத்தில் 1920 x 1200 கிடைத்தால் எக்செல்லுக்கு நல்லது. 120 பிக்சல் கூடுதல் உயரம் என்றால் 100% அளவில் ஆறு வரிசை அதிகம்.

டிவியில் இணைத்துப் பார்ப்பீர்களா? எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் போகும். படத்துக்குப் பரவாயில்லை, ஆனால் மவுஸ் நகர்வது விட்டுவிட்டுத் தெரியும். 2.0 இருந்தால் 60.

7530யு பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தச் சிப்பில் ஏவி1 என்ற சுருக்க வடிவ வீடியோவைப் பிரிக்கும் தனி வன்பொருள் இல்லை. யூட்யூப் அந்த வடிவில் ஓடினால் வேலை முழுக்கச் சிபியு தலையில் விழும், ஃபேன் சுற்றும், பேட்டரி கரையும். 1235யு-வில் அந்தத் தொல்லை இல்லை.

ஓம்விதி:
இ பற்றி யாரும் பேசவில்லை. வாரம் முழுக்க கேம் ஆடுபவருக்கு அது சரி. உங்களுக்கு ஆர்டிஎக்ஸ் 2050 சுமைதான்: கனமான அடாப்டர், ஃபேன் சத்தம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம்.

பேட்டரிக்கு "10 மணி நேரம்" என்ற விளம்பரத்தை விடுங்கள், வாட் அவரை வாட்டால் வகுங்கள். பெயர் யு என்று முடியும், குறைந்த மின்சாரம் இழுக்கும் சிப் உள்ள லேப்டாப் அலுவலக வேலையில் சராசரியாக 7 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 54 வாட் அவர் ஏழரை மணி நேரம், 42 வாட் அவர் ஆறு. ஹெச் சிப்பும் தனி கிராஃபிக்ஸும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் 50 வாட் அவர் நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

யுஎஸ்பி சி துளை இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். சிலவற்றில் டேட்டா மட்டும் போகும். சார்ஜும் ஏற வேண்டும், மானிட்டருக்குப் படமும் போக வேண்டும் என்றால் விவரத்தாளில் பவர் டெலிவரி, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் எழுதியிருக்க வேண்டும்.

மின்மினி:
மிக்க நன்றி. 1335யு, 8 ஜிபி, 100% எஸ்ஆர்ஜிபி, ஒரு ஸ்லாட் காலி என்று ஒன்று கண்ணில் பட்டது. ரேமை நானே போடலாமா? கைக்கு வந்ததும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

தட்டச்சன்:
போடலாம், ஆனால் சோதனை முடிந்த பிறகு. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை கவரைத் திறக்காதீர்கள். வாரன்டி விதியையும் படித்துவிடுங்கள்.

திறக்கும்போது: ஷட் டவுன், சார்ஜரைப் பிடுங்குங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வையுங்கள். நீளமும் குட்டையும் கலந்திருக்கும், நீளமானதைத் தவறான ஓட்டையில் திருகினால் மேல்பக்க பிளாஸ்டிக் வீங்கும். சிலவற்றில் ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். கவர் வரவில்லை என்றால் பலம் கொடுக்காமல் முதலில் அங்கே பாருங்கள். உள்ளே கை வைக்கும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். குச்சியைச் சாய்வாக உள்ளே தள்ளி, கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் கிளிப் மாட்டும். முதல் பூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். புதிய ரேமுக்கு ஏற்றபடி போர்டு தன்னைப் பழக்கிக்கொள்கிறது, பதறிப் பவர் பட்டனை அமுக்க வேண்டாம்.

ஓம்விதி:
சோதனைக்கு: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரையில் ஒவ்வொன்றாக வைத்துச் செத்த பிக்சல் தேடுங்கள். கறுப்பை இருட்டறையில் பார்த்தால் ஓரத்தில் ஒளி கசிவதும் தெரியும். விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். வடிவமைப்புக் கொள்ளளவும் முழு சார்ஜ் கொள்ளளவும் நெருக்கமாக இருக்க வேண்டும், பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி என்றால் கேள்வி கேளுங்கள்.

சார்ஜரில் போட்டு, பெர்ஃபார்மன்ஸ் மோடில் சினிபென்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் சிபியு வாட்டைக் கவனியுங்கள். தொடக்கத்தில் மேலே போய்ப் பிறகு இறங்குவது இயல்பு. 15 வாட்டுக்கும் கீழே போனால் குளிர்விப்பில் குறை இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். 512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் சுமார் 476 என்று காட்டும். அது 1000-த்துக்குப் பதில் 1024-ஆல் வகுப்பதால் வரும் வித்தியாசம், குறை இல்லை.