மூன்று வாரமாகியும் காயாத வானம்: எண்ணெய் வண்ண ஓவியத்தில் உதவி தேவை

கேள்வி (கோப்பாய்)

வணக்கம். எண்ணெய் வண்ணத்தில் வரையத் தொடங்கி இரண்டு மாதங்களே ஆகின்றன. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலின் மாலைக் காட்சியை 30 × 40 சென்ரிமீற்றர் கன்வஸில் வரைந்து மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. கரையில் நிற்கும் பனைகளின் அடிமரம் நான்காம் நாளே காய்ந்துவிட்டது; வானமும் கடலும் மட்டும் இன்னும் பிசுபிசுக்கின்றன. நேற்று விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். சாம்பல் நீலம் விரலில் ஒட்டிக்கொள்ள, வானத்தில் என் ரேகை பதிந்தது. மழை விட்ட இரவில் விளக்கைத் தேடி வந்த ஈசல் ஒன்று மேகத்தில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்தபோது இறகு இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. மின்விசிறியின் முன் இரண்டு நாள் வைத்தும் பயனில்லை. கார்த்திகை மாதத்து ஈரலிப்புத்தான் காரணமா? தை பிறக்கும்வரை பொறுத்திருக்கலாமா, அல்லது மேலே இன்னொரு பூச்சுக் கொடுக்கலாமா?

மறுமொழி (மருதனார்மடம்)

பிள்ளை, பொறுங்கள், மேலே எதையும் பூசிவிடாதீர்கள். ஈரலிப்பு உலர்வதைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் ஒரே கன்வஸில் ஒரு பகுதி காய்ந்து இன்னொரு பகுதி காயாமல் இருப்பதால், குற்றத்தை மழையின்மேல் மட்டும் போட முடியாது. வானத்துக்கு என்ன எண்ணெய் கலந்தீர்கள்?

கேள்வி கேட்டவர்

ஐயா, பனைகளை வரைந்து முடித்தபோது ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டது. அதுவும் வித்தெண்ணெய், இதுவும் வித்தெண்ணெய் என்று எண்ணி, வானத்துக்கும் கடலுக்கும் வீட்டிலிருந்த செக்கு நல்லெண்ணெயைக் கலந்தேன்.

மறுமொழி (மருதனார்மடம்)

காரணம் அதுதான். நனைந்த துணி காய்வதுபோல எண்ணெய் வண்ணம் காய்வதில்லை. அதிலிருந்து எதுவும் ஆவியாகிப் போகத் தேவையில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை உள்வாங்கி, தன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, கெட்டியான படலமாக மாறுகிறது. அந்தப் பின்னலுக்கு உதவும் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் ஆளிவிதை எண்ணெயில் ஏறத்தாழப் பாதியளவு இருக்கிறது. நல்லெண்ணெயில் அது இல்லை என்றே சொல்லலாம். எண்ணெயொன்று உலரும் தன்மையை அயடின் எண்ணால் மதிப்பிடுவார்கள்; எண் கூடினால் எண்ணெய் நன்றாக உலரும்: ஆளிவிதைக்கு அது 170க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 110 அளவில், தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில். அதோடு, நல்லெண்ணெயில் இயல்பாகவே உள்ள செசமோல் போன்ற பொருள்கள் ஒட்சியேற்றத்தைத் தடுக்கின்றன. போத்தலில் பல மாதம் காறாமல் இருக்கும் அதே குணந்தான் உங்கள் வானத்தைக் காயவிடாமல் வைத்திருக்கிறது.

பனை காய்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடிமரத்துக்குப் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணம் பூசியிருப்பீர்கள். அதிலுள்ள மங்கனீசு உலர்வதை விரைவாக்கும். வானத்துக்குக் கலந்திருக்கக்கூடிய டைட்டேனியம் வெள்ளையோ இயல்பிலேயே மெதுவாகக் காய்வது.

காயாத அடுக்கின்மேல் காயும் அடுக்கைப் பூசினால், மேலே உள்ளது இறுகும்போது கீழே உள்ளது அசைந்துகொடுத்து, பின்னர் வெடிப்பு விழும். ஆகவே வானத்தையும் கடலையும் பலெற் கத்தியால் மென்மையாகச் சுரண்டி எடுத்து, வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் சிறிது தொட்ட பழந்துணியால் துடையுங்கள். பனையோரம் கவனமாக இருங்கள்; நான்கு நாளில் காய்ந்தது மேற்பரப்புத்தான், டர்பன்டைன் பட்டால் கரையக்கூடும். குழாயிலுள்ள வண்ணத்தில் போதிய எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. தொடக்கத்தில் நீங்கள் எண்ணெயே சேர்க்க வேண்டியதில்லை. முதல் அடுக்கை டர்பன்டைனால் சற்று ஐதாக்கிப் பூசி, அதற்கு மேலே வரும் அடுக்குகளில் மட்டும் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். எண்ணெய் குறைந்தது கீழே, கூடியது மேலே என்ற இந்த ஒழுங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் சொல்லை அப்படியே நம்பவும் வேண்டாம். தடித்த அட்டையொன்றில் ஒரே நீலத்தை மூன்று கோடுகளாகப் பூசுங்கள்: ஒன்று குழாயில் உள்ளபடி, மற்றது ஆளிவிதை எண்ணெயுடன், மூன்றாவது நல்லெண்ணெயுடன். நாள்தோறும் தொட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

மறுமொழி (நல்லூர்)

தங்கச்சி, ஐயா சொன்னதோடு இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். இரும்புக்கடையில் விற்கும் கொதித்த ஆளிவிதை எண்ணெய் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அது மரத்துக்குப் பூசுவதற்கானது; விரைவில் காயும், ஆனால் கூடுதலாக மஞ்சளித்து உங்கள் வெள்ளை மேகத்தைக் கெடுத்துவிடும். ஓவியப் பொருள் விற்கும் இடத்தில் சுத்திகரித்தது என்று கேளுங்கள்.

மற்றது, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் குவிக்கவே கூடாது. படம் காயும்போது நிகழும் அதே ஒட்சியேற்றம் துணிக் குவியலுக்குள் வெப்பத்தைச் சேர்த்துத் தானாகவே தீப்பிடிக்கச் செய்யும். தண்ணீர் நிறைத்த தகரப்பேணியில் அமிழ்த்தி, மூடிவையுங்கள். மழை என்று யன்னலைப் பூட்டிக்கொண்டு டர்பன்டைனைத் திறக்கவும் வேண்டாம்; தலையிடி வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. வானத்தைச் சுரண்டும்போது மனம் கனத்தது; ஈசலின் இறகும் அதோடு போயிற்று. அட்டையில் கோடு பூசி இன்று ஒன்பதாம் நாள். முதல் இரண்டும் விரலில் ஒட்டவில்லை. மூன்றாவது பூசிய அன்று இருந்ததுபோலவே பளபளக்கிறது. துணிகள் தண்ணீர்ப் பேணியில் இருக்கின்றன. நாளை மழை விட்டால், யன்னலைத் திறந்துவைத்து வானத்தின் முதல் அடுக்கைத் தொடங்குகிறேன்.