பொட்டாசியம் உப்பு எல்லாருக்கும் சரிப்படுமா?

செம்பருத்தி:
"பிரஷர் இருக்கா, உப்பைக் குறை, அவ்வளவுதான்" என்று ஒருவர் வேறொரு திரியில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அது பாதிக் கதை, மீதிப் பாதி அழுத்தத்தை இறக்க உதவும் பொட்டாசியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3510 மில்லிகிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. வாழைப்பழம் ஒன்றில் சுமார் 420தான் இருக்கிறது, அதை மட்டும் நம்பினால் தினம் எட்டுப் பழத்துக்கு மேல் தின்ன வேண்டும். பயறு, கீரை, உருளைக்கிழங்கு என்று பரவலாகச் சாப்பிட்டால்தான் கணக்கு நேராகும், பெரும்பாலானவர்கள் அப்படிச் சாப்பிடுவதில்லை. அதனால் என் கட்சி இதுதான்: சமையல் உப்பையே மாற்றிவிடுங்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதி கிராமங்களுக்குச் சாதா உப்பு, மீதிக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஐந்து வருஷம் கிட்டத்தட்ட ஓடியது, 2021-ல் முடிவு வந்தது, பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. உப்பை மாற்றியதற்கே இவ்வளவு!

குறுக்குசால்:
அந்த ஆய்வில் யாரை உள்ளே விடவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே. கடுமையான சிறுநீரக நோய் இருப்பதாகச் சொன்னவர்களும், பொட்டாசியத்தை உடம்பிலேயே பிடித்து வைக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெளியே. உள்ளே போகும் பொட்டாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்துபோனால் மிச்சம் ரத்தத்திலேயே தங்கும். ரத்தத்தில் இருக்க வேண்டியது லிட்டருக்கு 3.5-லிருந்து 5 மில்லிமோல், 6.5-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பே தடம் மாறலாம், சில பேருக்கு முன்கூட்டி ஒரு அறிகுறியும் தெரியாது.

இன்னொன்று. நீங்கள் யாருக்கு இந்த உப்பைச் சிபாரிசு செய்கிறீர்கள்? ரத்த அழுத்தக்காரர்களுக்கு. அவர்களில் பலர் 'பிரில்' அல்லது 'சார்ட்டன்' என்று பெயர் முடியும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், அந்த இரண்டு வகையுமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. நீண்ட நாள் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் தெரிந்ததே. ஆக, உப்பை மாற்று என்று யாரிடம் சத்தமாகச் சொல்கிறோமோ, அதே கூட்டத்தில்தான் ஆபத்தும் உட்கார்ந்திருக்கிறது.

செம்பருத்தி:
அந்த ஆய்வில் இருந்தவர்களும் ரத்த அழுத்தக்காரர்கள்தானே, பக்கவாதம் வந்தவர்களும் அறுபது தாண்டிய பிரஷர்காரர்களும்! பொட்டாசியம் ஏறியதால் வந்த பெரிய கோளாறு கூடியதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு சொல்கிறது.

குறுக்குசால்:
எல்லாருக்கும் அடிக்கடி ரத்தம் எடுத்து அளந்து பார்க்கவில்லையே. தேடாதது எப்படிக் கிடைக்கும்?

செம்பருத்தி:
ரத்தம் எடுக்காவிட்டால் அளவு தெரியாது, சரி. சாவு எண்ணிக்கை எங்கே போய் ஒளியும்? மொத்த மரணமே 12 சதவீதம் குறைந்திருக்கிறது. சாதா உப்பால் வருஷா வருஷம் சாகிறவர்களைப் பற்றி யாரும் இந்த மாதிரி கேள்வி கேட்பதில்லை, பழகிய ஆபத்து என்றால் கண்ணுக்குத் தெரியாது போல.

ராக்கோழி:
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், இடையில் ஒரு விஷயம். 'பொட்டாசியம் 5.8' என்று ஒரே ஒரு ரிப்போர்ட் வந்ததும் பழம், காய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்தான் இருக்கிறது. ஊசி குத்தும்போது ரத்த அணுக்கள் உடைந்தால் உள்ளே இருந்தது வெளியே கொட்டி அளவு பொய்யாக ஏறும். குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் தெளிநீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும், இளஞ்சிவப்பாக இருந்தால் நாங்களே மறுபடி ரத்தம் கேட்போம். கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தாலும், ரத்தம் ரொம்ப நேரம் அப்படியே கிடந்தாலும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் உடனே மறுபடி எடுத்துப் பாருங்கள். அதற்காக உண்மையிலேயே ஏறியிருப்பதை 'பொய் ரிப்போர்ட்' என்று வீட்டில் உட்கார்ந்து நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள்.

தராசுமுள்:
இரண்டு பேரும் சாப்பாட்டுப் பொட்டாசியத்தையும் பாக்கெட் பொட்டாசியத்தையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்கிறீர்கள். ஒருவர் நாளுக்கு எட்டு கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று வையுங்கள். செம்பருத்தி சொல்லும் கலவையில் அதில் இரண்டு கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஆயிரத்துச் சொச்சம் மில்லிகிராம் பொட்டாசியம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை, நல்லதும்கூட, ஏனென்றால் பொட்டாசியம் கூடினால் சிறுநீரகம் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சுவதைக் குறைத்துச் சிறுநீரோடு விட்டுவிடும், அழுத்தம் இறங்குவது இந்த வழியாகத்தான். சிறுநீரகம் பழுதானவருக்கு அதே ஆயிரம் பெரிய தொகை. காய் என்றால் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் ஒரு பகுதி போய்விடும். உப்பில் கலந்ததை எதை வடித்து எடுப்பீர்கள்? 'சோடியம் குறைவு' என்று பெரிதாக அச்சடித்த உப்புப் பாக்கெட்டை முதலில் ஆசையாக வாங்குகிறவரே அந்த நோயாளிதான், பின்பக்கத்துப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்.

செம்பருத்தி:
அப்படியானால் முன்பக்கமே பெரிதாக அச்சடிக்கச் சொல்வோம். 2025-ல் உலக சுகாதார நிறுவனமே வீட்டு உப்பை இப்படி மாற்றலாம் என்று சொன்னதே.

குறுக்குசால்:
சொன்னது, நிபந்தனையோடு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை இல்லை. இப்போது சொல்லுங்கள், ஒரு வீட்டில் எத்தனை உப்பு டப்பா? ஒன்றுதான். முப்பது வயதுக்காரர், அவர் மனைவி வயிற்றில் பிள்ளை, சிறுநீரகம் பாதி போன அப்பா, எல்லாருக்கும் ஒரே குழம்பு.

தராசுமுள்:
சமையலுக்குச் சாதா உப்பையே கொஞ்சமாகப் போட்டு, மாற்று உப்பை வேண்டியவர் மட்டும் தட்டில் தூவிக்கொள்ளலாமே. கலவையில் பொட்டாசியம் அதிகமானால் நாக்கில் லேசாகக் கசக்கும், அப்புறம் பழகிவிடும்.

செம்பருத்தி:
தட்டில் தூவுகிற சிட்டிகையா பிரச்சினை? வீட்டுச் சாப்பாட்டில் பெரும்பகுதி உப்பு அடுப்பிலேயே போய்விடுகிறது. அதை மாற்றாமல் விட்டால் அந்த 14 சதவீதம் எங்கிருந்து வரும்?

குறுக்குசால்:
வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவை கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு வரட்டும். எல்லாருக்கும் சரியாக இருந்து, அந்த மாத்திரைகளும் இல்லை, வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இல்லை என்றால் நானே டப்பாவை மாற்றச் சொல்வேன்.

செம்பருத்தி:
இத்தனை வருஷம் யாரும் எதையும் பார்க்காமல்தானே சாதா உப்பை அள்ளிப் போட்டோம், அதற்கு மட்டும் ஏன் கிரியேட்டினின் கேட்கவில்லை?