தம்பி பாக்கெட்ல புகையிலை பொட்டலம், அப்பாகிட்ட சொல்லலாமா?

மில்லுக்காரி:
நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கேன், ஊர்ல அம்மா அப்பா நூறு நாள் வேலைக்கு போறாங்க, தம்பி கவர்மென்ட் ஸ்கூல்ல பத்தாவது. போன வாரம் ஊருக்கு போய் துணி துவைக்க எடுத்தா அவன் பேன்ட் பாக்கெட்ல குட்டிக் குட்டியா நாலு பொட்டலம், புதினா வாசம், முட்டாயின்னு நெனச்சு மோந்து பாத்தா நெடி ஏறுது. உதட்டுக்கு அடில வெச்சுக்குவாங்களாம். ஞாயித்துக்கெழம கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாற போறான், அந்த காசுல வாங்குறான் போல. அப்பாவுக்கு தெரிஞ்சா பெல்ட்ட எடுத்துருவாரு. என்ன பண்றதுன்னு சொல்லுங்க, தூக்கமே வரல.

லோடுமேன்:
அக்கா அடிக்க மட்டும் விட்ராதீங்க. நானும் ஒம்பதாவதுல ஆரம்பிச்சவன்தான், எங்கப்பா தூண்ல கட்டி வெச்சு அடிச்சாரு, மறுநாளே ஓடிப்போய் செங்கச் சூளைல நின்னேன், அங்க இன்னும் ஜாஸ்தியாச்சு, படிப்பும் போச்சு. மண்டபத்துல ராத்திரி ஒரு மணி வரை எல எடுக்கணும், தூக்கம் வராதுடான்னு பெரிய ஆளுங்கதான் குடுப்பாங்க, மொத ரெண்டு தடவ ஓசி. யார் குடுத்தான்னு தனியா கூட்டிட்டு போய் கேளுங்க, மொதல்ல அந்த வேலைய நிறுத்துங்க.

கிராமத்து டீச்சர்:
குட்கா தடை 2013லயே வந்துச்சு, ஆனா எங்க ஸ்கூல் பக்கத்து பொட்டிக்கடைல தேன்முட்டாய் டப்பாவுக்கு பின்னாடி இருக்கும். ஸ்கூல்லேந்து நூறு கஜத்துக்குள்ள எந்தப் புகையிலையும் விக்கக் கூடாது, 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு குடுத்தா சிறார் நீதிச் சட்டத்துல 7 வருசம் வரை ஜெயில். கடைய பத்தி ஹெச்எம்கிட்ட சொல்லுங்க, கொழந்தைங்க உதவி நம்பர் 1098க்கும் சொல்லலாம். பையன் பேர இழுக்காதீங்க, அவன் கூனிக்குறுகி ஸ்கூலுக்கே வராம போயிருவான், அப்டி ரெண்டு பேர இழந்துருக்கேன்.

சுகாதார நர்ஸ்:
உதட்ட பிதுக்கி பாருங்கம்மா, உள்பக்கம் வெள்ளையா தடிச்சிருந்தா இல்ல வாய்ல மூணு வெரல் அடுக்கி நொழைய மாட்டேங்குதுன்னா ஜிஹெச் பல் டாக்டர்கிட்ட காட்டிருங்க. விட்ட மொத நாலஞ்சு நாள் சிடுசிடுன்னு விழுவான், தலைவலிக்கும், அது புகையிலைல இருக்குற நிக்கோட்டின் போதை எறங்குறது, திமிர்னு நெனச்சுக்காதீங்க. 1800-11-2356க்கு போன் பண்ணா விடுறதுக்கு வழி சொல்லுவாங்க, காசு கெடையாது, தமிழ்லயும் பேசுவாங்க.

மில்லுக்காரி:
நேத்து போன்ல பேசுனேன். மொதல்ல இல்லவே இல்லன்னான், அப்புறம் அழுதுட்டான். பரிமாற கூட்டிட்டு போற அண்ணன்தான் குடுத்தாராம். மண்டபத்து காசு நூறு நூறா நான் அனுப்புறேன், நீ போகாதடான்னு சொல்லிருக்கேன். சனிக்கெழம ஊருக்கு போய் உதட்ட பாக்கணும்.