எஃப்-150 பிக்கப்பைக் கொடுத்துவிட்டு கேம்ரி ஹைபிரிட் எடுக்கலாமா? நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்

கேட்டிவாசி:
வணக்கம். டெக்சாஸில் ஹூஸ்டன் நகருக்கு அருகே உள்ள கேட்டியில் இருக்கிறேன். என்னுடைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை டிரேட்-இன் செய்துவிட்டு, அதாவது டீலரிடமே விலைக்குக் கொடுத்துவிட்டு, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த புதிய டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் எடுக்கலாம் என்று இருக்கிறேன். பெட்ரோலுக்கு மாதாமாதம் போகும் பணத்தைப் பார்த்தால், இனியும் இந்த வண்டியில் வேலைக்குப் போய்வருவது கட்டுப்படியாகாது என்று தோன்றுகிறது. பழைய கடனைத் தாங்களே அடைத்துவிடுவதாகவும், மாதத் தவணை இப்போதையதைவிடச் சிறிதளவே கூடும் என்றும் டீலர் சொல்கிறார். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இது நல்ல முடிவுதானா என்று விரைவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலை:
எந்த ஆண்டு மாடல், எந்த எஞ்சின், இதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது, கடன் பாக்கி எவ்வளவு, டீலர் உங்கள் வண்டிக்கு என்ன விலை கொடுக்கிறார் என்பதில் ஒன்றைக்கூட நீங்கள் சொல்லவில்லை. இவை தெரியாமல் யாரும் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது. ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய ஸ்பேனர்:
நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டி என்றால் ஹைபிரிட்டுக்கு அவசியமே இல்லை என்பது என் கருத்து. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து பேட்டரியில் சேர்ப்பதுதான் ஹைபிரிட்டின் முதன்மையான பயன். எழுபத்தைந்து மைல் வேகத்தில் பிரேக்கே தொடாமல் போகிறவருக்கு அதனால் கிடைப்பது குறைவு. ஹூஸ்டன் வெயிலில் அந்த பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையும் யோசியுங்கள்.

பேயூ ஓரம்:
நான் சொல்வதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது எங்கள் பகுதியில் உயரமான பிக்கப் வைத்திருந்தவர்கள் மட்டுமே தெருவை விட்டு வெளியே வர முடிந்தது. மழை பெய்தால் தெருவில் நீர் நிற்கும் ஊரில் இருந்துகொண்டு, தரையோடு தாழ்ந்த காருக்கு மாறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடிப்படை:
இந்தக் கேள்விக்கு நான் பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன்பு தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் எல்லோருடைய நேரமும் மிச்சமாகும். இருந்தாலும் முதற்பாடத்தை மறுபடி சொல்கிறேன். கேலனுக்கு எத்தனை மைல் என்று பார்ப்பவர்கள் எப்போதும் தவறான இடத்தில்தான் கவனம் வைப்பார்கள். 2008-இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் ஆகிய இருவர் 'சயின்ஸ்' இதழில் இதை விளக்கி எழுதினார்கள். ஒரே தூரத்துக்கு எத்தனை கேலன் தேவை என்று கணக்கிட வேண்டும். 10,000 மைலுக்கு, 15 மைல் மைலேஜிலிருந்து 20-க்கு மாறினால் 167 கேலன் மிச்சம். 40-லிருந்து 50-க்கு மாறினால் 50 கேலன்தான் மிச்சம். இது புரியாமல் கார் வாங்கக் கிளம்புவது சரியல்ல.

கேட்டிவாசி:
மன்னிக்கவும், அலுவலகத்தில் இருந்தேன். 2018 மாடல், 5 லிட்டர் வி-8, நான்கு சக்கர இயக்கம், 98,000 மைல். 2022 நடுவில் பழைய வண்டியாக 84 மாதக் கடனில் வாங்கினேன். தவணை 580 டாலர், பாக்கி 21,500. டீலர் கொடுப்பது 17,000. கேம்ரியின் விலை 30,000. கேட்டியிலிருந்து ஹூஸ்டன் நகர மையத்துக்கு ஐ-10 நெடுஞ்சாலை வழியாகப் போய்வருகிறேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 மைல். புதுக் கடன் 72 மாதம், தவணை 607 என்று சொன்னார்கள். எதையும் இழுத்துச் செல்வதில்லை, தோட்டத்து மண் ஏற்றுவதுண்டு.

நெடுஞ்சாலை:
நன்றி. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? ஐ-10-இல் அலுவலக நேர நெரிசலில் ஊர்ந்து போகிறவர் என்றால் ஸ்பேனர் ஐயா சொன்ன நெடுஞ்சாலைக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நின்று நின்று போகும் போக்குவரத்தில்தான் ஹைபிரிட் தன் முழுப் பயனையும் தரும்.

கணக்கர்:
கேட்டிவாசி அவர்களே, தவணையை விட்டுவிட்டு மொத்தத் தொகையைப் பாருங்கள். உங்கள் வண்டியின் மதிப்பைவிடக் கடன் 4,500 டாலர் அதிகமாக இருக்கிறது. சிப் தட்டுப்பாட்டால் பழைய வண்டிகளின் விலை உச்சத்தில் இருந்த 2022-இல் நீண்ட காலக் கடனில் வாங்கியவர்கள் பலருக்கும் இந்த நிலைதான். டீலர் 'அடைத்துவிடுகிறேன்' என்று சொல்லும் இந்த 4,500, பெரும்பாலும் புதுக் கடனுக்குள் தூக்கி வைக்கப்படும். கூட்டரசு வணிக ஆணையம் வண்டி வாங்குபவர்களுக்கு வெளியிட்டுள்ள அறிவுரையிலும் இதைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது.

சரிபார்ப்போம். விலை 30,000. டெக்சாஸில் வண்டி விற்பனை வரி 6.25 சதவீதம், டிரேட்-இன் மதிப்பைக் கழித்த பிறகு மீதமுள்ள 13,000-க்கு மட்டுமே வரி என்பதால் அது 812 டாலர். பதிவு முதலிய கட்டணங்களுக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். இதோடு அந்த 4,500-ஐச் சேர்த்தால் 35,612. வட்டி 7 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 72 மாதத்துக்குத் தவணை 607 டாலர் வருகிறது. நீங்கள் சொன்ன தொகையும் அதுவே. ஆகவே பழைய கடன் உள்ளேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பெட்ரோலில் மிச்சமாவதும் உண்மையான பணம்தான், அதை மறுக்கவில்லை. உங்கள் டிரக்கின் அதிகாரபூர்வ மைலேஜ் கேலனுக்கு 18. கேம்ரி ஹைபிரிட்டின் எல்இ வகைக்கு 51. ஆண்டுக்கு 15,000 மைலுக்கு 833 கேலன், 294 ஆகக் குறைகிறது. கேலன் 3 டாலர் என்றால் ஆண்டுக்கு சுமார் 1,617, மாதத்துக்கு 135. ஆனால் 4,500-ஐ ஆறு ஆண்டுக்கு வட்டியோடு கட்டுவதற்கே மாதம் 77 போகிறது. பெட்ரோலில் மிச்சப்படுத்தும் பணத்தில் பாதிக்கு மேல், இனி உங்களிடம் இல்லாத வண்டிக்காகக் கட்டப் போகிறீர்கள். மேலும், இப்போதைய கடன் இன்னும் மூன்றரை ஆண்டில் முடிந்துவிடும். புதியது ஆறு ஆண்டு ஓடும். தவணை 27 டாலர்தான் கூடுகிறது என்ற பேச்சில் இந்த இரண்டரை ஆண்டு மறைந்துவிடுகிறது.

பழைய ஸ்பேனர்:
கணக்கு சரி. ஆனால் பேட்டரி மாற்றும் செலவை யாரும் சேர்க்கவில்லை. போதாததற்கு இந்தக் கார்களில் சிவிடி, அதாவது படிப்படியாக மாறாத கியர்பெட்டி. அதன் பெல்ட் தேய்ந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும்.

மின்கலம்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இரண்டுமே இந்தக் காருக்குப் பொருந்தாது. டொயோட்டா ஹைபிரிட்டில் இருப்பது பெல்ட் சிவிடி அன்று. இரண்டு மின்மோட்டார்களையும் எஞ்சினையும் கோள்வகைப் பல்சக்கரத் தொகுதி ஒன்று இணைக்கிறது. தேய்வதற்கு அதில் பெல்ட்டே இல்லை. பேட்டரிக்கு 2020 மாடலிலிருந்து 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் இருக்கிறது. வெயில் பேட்டரிக்கு நல்லதல்ல என்பது உண்மையே. அதனால்தான் பின்னிருக்கைக்கு அருகே உள்ள காற்றுத்துளையை அடைக்காமல், அதன் வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். நெடுஞ்சாலையில் பயனில்லை என்பதும் முழுமையான கூற்று அன்று. இந்த எஞ்சின்கள் அட்கின்சன் சுழற்சி முறையில் இயங்குவதால் பிரேக் பிடிக்காமல் போகும்போதும் எரிபொருள் குறைவாகவே செலவாகிறது.

பழைய ஸ்பேனர்:
உத்தரவாதம் காகிதத்தில் இருக்கிறது. பத்து ஆண்டு கடந்த கார்களைத் திறந்து பார்த்தவன் நான். ஹைபிரிட்டுக்கு டெக்சாஸில் ஆண்டுக்கு 200 டாலர் கூடுதல் பதிவுக் கட்டணமும் உண்டு என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை?

மின்கலம்:
2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தக் கட்டணம் முழு மின்சார வண்டிகளுக்கு மட்டுமே உரியது. ஹைபிரிட்டுக்கு இல்லை.

பேயூ ஓரம்:
வெள்ளத்தைப் பற்றி நான் எழுதியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடிப்படை:
சொல்கிறேன். ஓடும் நீர் 12 அங்குலம் இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும், இரண்டடி இருந்தால் பிக்கப்பையும் இழுத்துச் செல்லும் என்று தேசிய வானிலைச் சேவை தெளிவாகச் சொல்கிறது. வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேயூ ஓரம்:
வெள்ளத்தில் இறங்கச் சொல்லவில்லை. தெருவில் அரையடி தேங்கிய நீரில் வீட்டிலிருந்து வெளியே வருவதைச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லும் முறையை மாற்றிக்கொண்டால் நன்றாக இருக்கும்.

நெடுஞ்சாலை:
இருவரும் பொறுத்தருளுங்கள், கேட்டவருக்கு நேரம் குறைவு.

சிறுபாரம்:
மண் ஏற்றுவதுண்டு என்று கேட்டிவாசி சொல்கிறார். ஃபோர்டின் சிறிய பிக்கப்பான மேவரிக் ஹைபிரிட்டை ஏன் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை? 2022-இல் வந்த முன்சக்கர இயக்க மாடலின் மைலேஜ் 37. அடிப்படை அவர்கள் சொன்ன கேலன் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு 405 கேலன். அதாவது கேம்ரியால் மிச்சமாவதில் ஐந்தில் நான்கு பங்கு இதிலும் மிச்சமாகிறது, பின்னால் பாரப்பெட்டியும் இருக்கும். எஃப்-150 அளவுக்குப் பெரிய வண்டி அன்று. தோட்டத்து மண்ணுக்குப் போதும்.

கணக்கர்:
நல்ல யோசனைதான், ஆனால் 4,500 எந்த வண்டிக்கு மாறினாலும் கூடவே வரும். எப்போதாவது ஏற்றும் மண்ணுக்கு வாடகை பிக்கப் போதும் என்பது என் எண்ணம்.

கேட்டிவாசி அவர்களே, நாளைக்குள் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலாவதாக, பழைய வண்டிகளை நேரடியாக வாங்கும் நிறுவனங்களில் ஒன்றிரண்டிடம் எழுத்து மூலமாக விலை கேளுங்கள். வெளியே விற்றால் வரிச் சலுகை போய்விடும். 17,000-க்கு அது 1,062 டாலர். ஆகவே வெளியிலிருந்து வரும் விலை 18,062-க்கு மேல் இருந்தால்தான் அங்கே விற்பதில் பொருள் உண்டு. அதற்குக் குறைவாக இருந்தாலும் டீலரிடம் பேரம் பேச அந்தத் தாள் உதவும். இரண்டாவதாக, ஒப்பந்தத்தில் நிதியளிக்கப்படும் மொத்தத் தொகை எழுதியிருக்கும் வரியைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். டீலர் கடையில் கையெழுத்திட்டு வாங்கிய காரை, மனம் மாறியது என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை இங்கே கிடையாது. நாளை மாலை என்ற கெடுவும் டீலர் வைத்ததுதானே, உங்கள் வண்டி நாளை மறுநாளும் ஓடும்.

என்னைக் கேட்டால், அந்த 4,500-ஐக் கையிலிருந்து கட்ட முடியாவிட்டால் இன்னும் ஓராண்டு டிரக்கையே ஓட்டி, முடிந்த அளவு அசலைக் குறைத்துக்கொண்டு மாறுவதுதான் சரி.

மின்கலம்:
ஓராண்டு காத்திருந்தால் அதே காலத்தில் டிரக்கின் மதிப்பும் குறையும், 1,600 டாலர் பெட்ரோலும் எரியும். கையில் பணம் இருந்தால் இப்போதே மாறுவது மேல்.

கணக்கர்:
பணம் இருந்தால் என்பதுதான் நிபந்தனை. அதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

கேட்டிவாசி:
அனைவருக்கும் நன்றி. கணக்கர் ஐயா சொன்னபடியே அந்த 4,500 ஒப்பந்தத்துக்குள் இருந்தது. வெளியே ஓரிடத்தில் 18,800-க்கு எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காட்டியதும் டீலர் 18,500-க்கு வந்தார். வரிச் சலுகையால் அதுவே மேல். மீதி 3,000-ஐச் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டு, 60 மாதக் கடனில் கேம்ரி எடுக்கிறோம். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன், நெரிசல்தான். வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

கணக்கர்:
மகிழ்ச்சி. பழைய கடனோடு கேப் காப்பீடோ (வண்டி முழுதும் சேதமானால் அதன் மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவது) கூடுதல் உத்தரவாதமோ எடுத்திருந்தால், கடன் முடிந்ததும் அவற்றை ரத்து செய்யக் கடிதம் கொடுங்கள். பயன்படுத்தாத காலத்துக்கான பணம் திரும்பக் கிடைக்கும். புதுக் கடனின் வட்டி விகிதம் என்ன என்று நீங்கள் இதுவரை சொல்லவில்லை. கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் கடன் சங்கத்திலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நெடுஞ்சாலை:
கேட்டிவாசி, வட்டி எவ்வளவு?