கிர் காட்டில் குட்டி சுமந்த பெண் சிங்கம்

தேன்சிட்டு:
மே மாதம், குஜராத்தின் சாசன் கிரில் காலை ஆறு மணி சஃபாரி. அம்மாவும் வந்திருந்தார். பிடரி மயிரோடு ஆண் சிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை. கோடையில் தேக்கெல்லாம் இலை உதிர்த்து நிற்கும். சருகும் சிங்கமும் ஒரே நிறம். பக்கத்தில் படுத்திருந்தாலும் கண்ணுக்குப் படாது.

ஒரு திருப்பத்தில் டிரைவர் ஜிப்சி ஜீப்பை நிறுத்தினார். முப்பது அடி தள்ளி ஒரு பெண் சிங்கம், வாயில் குட்டியோடு பாதையைக் கடந்தது. நம் வீட்டுப் பூனை கவ்வுகிற அதே மாதிரிதான். குட்டியின் மேல் புள்ளிகள்கூடத் தெரிந்தன. புதருக்குள் போய்விட்டு வெறும் வாயோடு திரும்பி வந்தது, அடுத்ததைத் தூக்கிப் போனது. மூன்றாவது குட்டி வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது.

ஒரே இடத்தில் வைத்திருந்தால் வாடை தங்கிவிடும், சிறுத்தையோ கழுதைப்புலியோ மோப்பம் பிடித்துவிடும், அதனால் அடிக்கடி இடம் மாற்றும் என்றார் வழிகாட்டி. 110 நாள் சுமந்து பெற்று, அப்புறமும் ஒன்றரை இரண்டு மாதம் கூட்டத்தை விட்டு ஒதுங்கி இப்படித்தான் வளர்க்குமாம். புதிதாக வரும் ஆண் சிங்கம் இன்னொன்றின் குட்டிகளைக் கொன்றுவிடும். கிரில் பெண் சிங்கங்கள் அக்கம்பக்கத்தில் உள்ள வெவ்வேறு ஆண் குழுக்களோடும் இணைசேர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாருடைய குட்டி என்று தெரியாவிட்டால் அந்த ஆண்கள் கை வைக்காது என்பதுதான் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம். மற்றபடி அங்கே ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

நான்காவது தடவையும் அது பழைய இடத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் கழித்து வாயில் எதுவும் இல்லாமல் வந்தது. "எல்லாம் வந்துடுச்சான்னு பார்த்துட்டு வருது" என்றார் அம்மா. ஆண் சிங்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

மழைக்காடன்:
கென்யாவில் மசாய் மாராவில் நான் பார்த்தது இதற்கு அடுத்த கட்டம். ஒரு அகேசியா மர நிழலில் மூன்று பெண் சிங்கங்கள், ஏழு குட்டிகள். ஒரு கூட்டத்துப் பெண்கள் தாய், மகள், அக்கா, சித்தி என்று சொந்தமாகத்தான் இருக்கும். ஒரே சமயத்தில் ஈன்றால் குட்டிகளைச் சேர்த்தே வளர்க்கும். ஒரு குட்டி தன் தாயிடம் குடித்து முடித்துவிட்டுப் பக்கத்தில் தூங்கிய சிங்கத்திடம் போய் ஒட்டிக்கொண்டது. அது விழித்து ஒரு உறுமல் உறுமியது. சரி, விரட்டிவிடும் என்று நினைத்தேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டது, குட்டி குடித்துக்கொண்டே இருந்தது.

கிரில் அந்த மூன்று குட்டிகளையும் அப்புறம் பார்க்க முடிந்ததா?

தேன்சிட்டு:
இல்லை, மறுநாள் அந்தப் பக்கம் எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை சஃபாரியே கிடையாது. திறந்ததும் போகலாம் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.